வாடகையும் உடைமையும்: சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் வாழ்வியல் அடித்தளம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட சோழமண்டலக் கலைஞர் கிராமம், இந்தியாவின் ‘பொஹீமிய’க் குடியிருப்பாகப் பலராலும் வருணிக்கப்பட்டு வருகிறது. அவ்வருணனை எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாரிசின் மோன்மார்த் போன்ற கலைஞர் குடியிருப்புகள் மலிவான வாடகையால் உருவாகி, வாடகை உயர்ந்தபோது கலைந்தன. சோழமண்டலமோ கைவினை வருவாய், கூட்டமைப்பு, சொந்த நிலம் ஆகிய மூன்றின்மீது எழுந்தது. அதன் நிலைபேற்றுக்கும், அதன் கலைவடிவங்களுக்கும், இன்று அது எதிர்கொள்ளும் எல்லைகளுக்கும் இம்மூன்றே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: சோழமண்டலம், கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலை இயக்கம், பத்திக், கைவினை, கலைஞர் குடியிருப்பு, நிலவுடைமை

முன்னுரை

கலைஞர்கள் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தால் அவ்விடத்தைப் பற்றி ஒரு தொன்மம் உருவாகிவிடுகிறது. வறுமை, நட்பு, இரவு நீளும் உரையாடல், சமூகக் கட்டுகளைப் பொருட்படுத்தாத வாழ்வு, இடையில் ஓர் இளங்கலைஞனின் துயர மரணம் என அத்தொன்மத்தின் கூறுகள் எங்கும் ஒன்றுபோலவே அமைகின்றன. சோழமண்டலத்தைப் பற்றி நாளிதழ்களும் பயண நூல்களும் எழுதுபவையும் பெரும்பாலும் இந்த வார்ப்பிலேயே அமைந்துள்ளன. கடற்கரை, சவுக்குத் தோப்பு, கூரைவீடு, தாடி வைத்த ஓவியர்கள் என்ற காட்சிகள் அவ்வெழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இக்காட்சிகள் பொய்யல்ல. ஆனால் ஒரு குடியிருப்பு எதனால் உண்டாயிற்று, எதனால் அரை நூற்றாண்டைக் கடந்தும் நிற்கிறது என்ற வினாக்களுக்கு அவை விடை தருவதில்லை. ஒரு கலைஞர் குடியிருப்பின் தன்மையை அதன் மனநிலையிலிருந்து விளக்குவதைவிட, அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு சோறு உண்டனர், எந்த உரிமையில் அந்நிலத்தில் குடியிருந்தனர் என்பவற்றிலிருந்து விளக்குவது கூடுதல் தெளிவு தரும். அந்த நோக்கிலேயே இக்கட்டுரை சோழமண்டலத்தை அணுகுகிறது.

1. வாடகைமீது நின்ற குடியிருப்பு: பாரிசின் முன்மாதிரி

‘பொஹீமிய வாழ்வு’ என்ற கருத்தாக்கம் 19ஆம் நூற்றாண்டின் பாரிசில் உருப்பெற்றது. நாடோடிகளான ரோமானி மக்கள் மத்திய ஐரோப்பாவின் பொஹீமியப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சு மக்கள் நம்பினர். அதனால் அவர்களைக் குறித்த சொல் பின்னர் நிலையான வருவாயும் முகவரியும் இல்லாத எழுத்தாளர், ஓவியர்களைக் குறிக்கலாயிற்று. ஆன்றி மூர்ஜே 1840களில் இதழொன்றில் எழுதி 1851இல் நூலாக வெளியிட்ட கதைகள் அச்சொல்லைப் பரப்பின. அவற்றை அடிப்படையாகக் கொண்டு புச்சினி அமைத்த இசைநாடகம் 1896இல் அரங்கேறியபின் அது உலகச் சொல்லாயிற்று.

இச்சொல்லுக்கு இலக்கணமாகக் காட்டப்படும் மோன்மார்த், 1860 வரை பாரிஸ் நகருக்கு வெளியே தனி ஊராக இருந்தது. நகர எல்லைக்குள் வரும் பொருள்கள்மீது விதிக்கப்பட்ட நுழைவு வரி அங்கு இல்லாமையால் மது மலிவாகக் கிடைத்தது. மதுக்கடைகளும் ஆடலரங்குகளும் பெருகின. குன்றின் அடியில் ஜிப்சம் தோண்டிய சுரங்கங்கள் இருந்தமையால் பெருங்கட்டடங்கள் எழுவது எளிதாக இல்லை. நகரின் மையப்பகுதி திருத்தியமைக்கப்பட்டபோது வெளியேறிய எளியோரும், மலிவான அறை தேடிய கலைஞரும் அங்குச் சேர்ந்தனர். ரெனுவார் 1876இல் அங்குள்ள ஆடலரங்கைத் தீட்டினார். 1904இல் ‘பத்தோ லவ்வார்’ என்னும் பாழடைந்த மரக்கட்டடத்தில் குடியேறிய பிக்காசோ, நவீன ஓவியத்தின் திருப்புமுனையாகக் கருதப்படும் ஓவியத்தை 1907இல் அங்குதான் வரைந்தார்.

பிக்காசோ 1909இல் அக்கட்டடத்தை விட்டு நீங்கினார். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர்களின் மையம் ஆற்றின் தென்கரையிலுள்ள மோன்பர்னாசுக்கு மாறிவிட்டது. கலைஞர்களால் புகழ்பெற்ற குன்றைச் சுற்றுலாப் பயணிகள் நிறைத்தனர். கலைஞர் வருகையால் பெயர் பெறுதல், பெயரால் விலை ஏறுதல், விலையால் கலைஞர் வெளியேறுதல் என்ற இச்சுழற்சி பின்னர் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ், சோஹோ முதலிய பகுதிகளிலும் நிகழ்ந்தது. அங்கெல்லாம் கலைஞர் பெரும்பாலும் குடிக்கூலிக்காரராகவே இருந்தனர். தாம் உயர்த்திய மதிப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. இப்பின்னணியில் நோக்கினால்தான் சோழமண்டலத்தின் தனித்தன்மை விளங்கும்.

2. கைவினைப் பள்ளியும் அதன் மாணவரும்

சோழமண்டலத்தின் வேர் எழும்பூரை அடுத்த பெரியமேட்டில் உள்ளது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி சில ஆண்டுகளிலேயே அரசின் பொறுப்புக்கு வந்தது. ஓவியரை உருவாக்குவதைவிட, கைவினைஞருக்குப் பயிற்சி அளித்து விற்பனைக்குரிய பொருள்களைச் செய்விப்பதே அதன் தொடக்கக்கால நோக்கம். மட்பாண்டம், உலோகவேலை, மரவேலை ஆகியவை அங்கு ஓவியத்துக்கு இணையான இடம் பெற்றிருந்தன. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. இவர் காலத்தில் நுண்கலை முதன்மை பெற்றது.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தித்துறையில் பணியாற்றிய பின் 1936இல் ராய் சௌத்ரியின் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியரானார்; 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார்; 1957இல் கல்லூரி முதல்வரானார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். எஸ். தனபால், எல். முனுசாமி, அ.பெ. சந்தானராஜ் முதலியோர் ஆசிரியராக இருந்த அக்காலமே ‘சென்னைக் கலை இயக்கம்’ எனப்படுவதன் விளைநிலம்.

அம்மாணவர்களின் சமூகப் பின்னணி கவனிக்கத்தக்கது. அவர்களில் பலர் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மைசூர்ப் பகுதிகளின் நடுத்தர, எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். படிப்பை முடித்தோர்முன் இருந்த வாய்ப்புகள் மிகச் சில. பள்ளியில் ஓவிய ஆசிரியராகலாம், விளம்பர நிறுவனத்தில் சேரலாம், திரைப்படத்துறைக்குச் செல்லலாம், கைத்தறித் துணிகளுக்கு வடிவமைப்பு செய்ய அரசு நிறுவிய நெசவாளர் சேவை மையத்தில் பணி பெறலாம். ரெட்டப்ப நாயுடு போன்ற சிறந்த ஓவியர் சிலர் அம்மையத்தில் பணியாற்றியோரே. பம்பாய், தில்லி நகரங்களில் இருந்த அளவுக்குக் காட்சிக்கூடங்களோ வாங்குவோரோ 1960களின் சென்னையில் இல்லை. ஆகவே கல்லூரியில் ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்த திறன், வெளியேறிய சில ஆண்டுகளில் வேறு வேலைகளில் கரைந்துபோவது இயல்பாயிற்று. பணிக்கரை வருத்திய சிக்கல் இதுவே. கலை பயின்றவர் கலைஞராகவே வாழ்வதற்கு வழி உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா.

3. மெழுகும் துணியும்

இவ்வினாவுக்கு விடை, கல்லூரியின் பழைய நோக்கமான கைவினையிலிருந்தே கிடைத்தது. 1960களின் முற்பகுதியில் பணிக்கரும் அவர் மாணவர்களும் இணைந்து கலைஞர் கைவினைச் சங்கத்தை அமைத்தனர். பத்திக் துணிகள், உலோகத் தகட்டு வேலைப்பாடுகள், மட்பாண்டங்கள், தோற்பொருள்கள் ஆகியவற்றைச் செய்து சங்கத்தின் வழியே விற்றனர். இவற்றுள் பத்திக் பெரிதும் வரவேற்கப்பட்டது.

பத்திக் என்பது மெழுகால் தடுத்துச் சாயமேற்றும் முறை. துணியில் வண்ணம் ஏறக்கூடாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடிச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகை நீக்கி, வேறிடங்களை மூடி, அடுத்த வண்ணத்தில் தோய்ப்பர். ஜாவாவில் செழித்த இம்முறை, தாகூரின் 1927ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பின் சாந்திநிகேதனில் வேரூன்றியது. எனினும் மெழுகுத் தடுப்புமுறை இக்கடற்கரைக்கு அந்நியமன்று. தஞ்சை அரச குடும்பத்தார்க்கென நெய்யப்பட்ட கொடாலிக் கருப்பூர்ச் சேலைகளில் மெழுகு பயன்பட்டது. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் பல நூற்றாண்டுகள் தென்கிழக்காசியத் தீவுகளுக்குச் சென்று நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக விற்கப்பட்டன. இக்கலைஞர்கள் மெழுகைக் கையில் எடுத்தபோது, அறிந்தோ அறியாமலோ, இக்கடற்கரையின் பழைய தொழிலொன்றோடு தொடர்பு கொண்டனர்.

சங்கத்தின் ஏற்பாடு எளியது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கு ஒதுக்கி அன்றாடச் செலவுக்கான வருவாயை ஈட்டுவது. எஞ்சிய நேரத்தில், விற்குமா விற்காதா என்ற கவலையின்றி ஓவியமோ சிற்பமோ செய்வது. சந்தைக்குரியதையும் தமக்குரியதையும் ஒரே கலைஞர் இரு வேறு நேரங்களில் செய்தார். இவ்வாறு பிரித்தமையால், சந்தையை வெறுத்து ஒதுங்கவும் வேண்டியதில்லை. சந்தைக்காக ஓவியத்தை வளைக்கவும் வேண்டியதில்லை. மூர்ஜேயின் கதைகளில் வரும் கலைஞன் கடனிலும் நண்பர் தயவிலும் வாழ்கிறான். சோழமண்டலக் கலைஞரோ கணக்கேடு வைத்திருந்த ஒரு சங்கத்தின் உறுப்பினர். பொஹீமிய வாழ்விலிருந்து அவர் வேறுபடும் முதல் இடம் இது.

4. ஈஞ்சம்பாக்கத்து மணல்: நிலமும் பெயரும்

கைவினையால் திரண்ட பணத்தைச் சேர்த்து, திருவான்மியூருக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அது அரசு வழங்கிய கொடையன்று. அக்காலத்தில் அது நகரத்தார் விரும்பிய இடமும் அன்று. மீனவர் குப்பங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் இடையே கிடந்த மணற்பரப்பு அது. விலை குறைவாக இருந்ததற்குக் காரணமும் அதுவே. 1966இல் கிராமம் தோன்றியது. முதலில் கூரைவேய்ந்த குடில்கள் எழுந்தன. பின்னர் கலைஞர் ஒவ்வொருவரும் தம் மனையில் வீடு கட்டிக்கொண்டனர். பணிக்கூடம், காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு முதலியன பொதுவாயின.

வீடு தனியுடைமை, வேலைக்கும் விற்பனைக்கும் உரிய இடங்கள் பொதுவுடைமை என்ற இவ்வமைப்பை முழுமையான கூட்டுவாழ்வுக் குடியிருப்பாகக் கொள்ள இயலாது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இயல்பே இதில் மிகுதி. பொதுச் சமையலறையோ பொதுக் கொள்கை அறிக்கையோ இக்கிராமத்துக்கு அடிப்படையாகவில்லை. கலைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். புரட்சியை எதிர்பார்த்து வருவோருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் 1960களில் உலகெங்கும் தோன்றிய கூட்டுவாழ்வு முயற்சிகளுள் பல சில ஆண்டுகளிலேயே கலைந்தன என்பதை நினைத்தால், இந்த எளிய ஏற்பாட்டின் உறுதி புலப்படும்.

கிராமத்துக்கு இட்ட பெயரும் ஆராயத்தக்கது. ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என அழைத்த கரையின் பெயர் ‘சோழமண்டலம்’ என்பதன் திரிபு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. காலனியம் திரித்த சொல்லை அதன் மூலத்துக்கு மீட்பதாக இப்பெயர் அமைகிறது. ஆயினும் வரலாற்று நிலவியலின்படி ஈஞ்சம்பாக்கம் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. முதலாம் இராசராசன் காலத்துக்குப் பின் தொண்டை மண்டலம் ‘சயங்கொண்ட சோழமண்டலம்’ என வழங்கப்பெற்றது. எனவே இப்பெயர் முற்றிலும் பொருந்தாதது என்றும் கூற இயலாது. பெயரிட்டோர் கல்வெட்டு எல்லைகளைக் கருதினர் என்பதைவிட, சோழர்காலச் செப்புத்திருமேனிகளின் நினைவையும் கடல்வழித் தொடர்பின் நினைவையும் ஒருசேரத் தாங்கிய சொல்லைத் தேர்ந்தனர் எனக் கொள்வதே பொருத்தம்.

5. கைவினை கலைக்கு ஈந்தது

கைவினை சோற்றுக்கு, ஓவியம் ஆன்மாவுக்கு என்று இவ்வேற்பாட்டைச் சுருக்கிவிடக் கூடாது. கைவினையில் பழகிய கை, ஓவியத்துக்கு வரும்போது தன் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு வருவதில்லை. பத்திக் வேலையில் மென்மையான ஒளிநிழலுக்கு இடம் குறைவு. உறுதியான கோடும், எல்லை தெளிந்த வண்ணப்பரப்பும், தட்டையான தளமுமே அதற்குரிய மொழி. சென்னைக் கலை இயக்கத்தின் தனி அடையாளமாகத் திறனாய்வாளர் சுட்டுவது கோட்டின் முதன்மையையே. கல்லூரியில் பெற்ற கோட்டோவியப் பயிற்சி, கோயிற் சிற்ப மரபு ஆகியவற்றோடு கைவினைப் பழக்கத்தையும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும்.

சிற்பத்தில் இத்தொடர்பு இன்னும் வெளிப்படையானது. பி.வி. ஜானகிராம் உலோகத் தகடுகளை வெட்டி, தட்டி, பற்றவைத்து உருவங்கள் அமைத்தார். கோயில்களில் மூலவர்க்குச் சாத்தும் கவசங்களை நினைவூட்டும் முறை அது. முன்புறத்திலிருந்து காண்பதற்கென்றே அமைந்த அவ்வுருவங்களில் தகட்டின் மேற்பரப்பே அணிகலன்போல் நுணுக்கமாக வேலைப்பாடு பெறுகிறது. பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளை ஆகியவற்றைப் பற்றவைத்து இம்முறையை வேறொரு திசையில் வளர்த்தார். எஸ்.ஜி. வாசுதேவ், ஆர்னவாஸ் ஆகியோர் செப்புத்தகட்டில் புடைப்புருவங்கள் செய்தனர். வார்ப்புக்கு வேண்டிய பெருஞ்செலவு தகட்டு வேலைக்குத் தேவையில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது. பொருளாதாரத் தேவை ஒரு நுட்பத்தைக் கொண்டுவந்தது. அந்நுட்பம் ஓர் அழகியலாக வளர்ந்தது.

பணிக்கரின் ஓவியமும் இக்காலத்தில்தான் மாறியது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் மலையாள எழுத்தை ஒத்த வரிகள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், அட்டவணைகள் ஆகியன தளத்தை நிறைத்தன. எழுத்து இங்குப் படிப்பதற்குரியதன்று. ஓலைச்சுவடியைக் கண்ட எழுத்தறியாதவர் அதில் காணும் வடிவ ஒழுங்கு அது. ஐரோப்பிய நவீனத்தைப் பின்பற்றாமலும் பழங்கலையை நகலெடுக்காமலும் ஒரு வழி காண முயன்ற தலைமுறைக்கு இவ்வரிசை முன்மாதிரியாயிற்று. கே.வி. ஹரிதாசனின் தாந்திரிக வடிவியல், ஜெ. சுல்தான் அலியின் பழங்குடி, நாட்டார் உருவங்கள் ஆகியன அதே தேடலின் வேறு விடைகள்.

6. எவருடைய கிராமம்?

பணிக்கர் கேரளக் குடும்பத்தினர். விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், ஹரிதாசன், பி. கோபிநாத் ஆகியோரும் கேரளத்தவர், வாசுதேவ் மைசூரைச் சேர்ந்தவர், எம். சேனாதிபதி, ராமானுஜம் முதலியோர் தமிழர். 1953, 1956ஆம் ஆண்டுகளில் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபின்னும், பழைய சென்னை மாகாணத்தின் பன்மொழிச் சமூகம் இக்கிராமத்தில் எஞ்சி நின்றது. தென்னிந்தியா முழுமைக்கும் நெடுங்காலம் முதன்மைக் கலைக்கல்விக் கூடமாகச் சென்னைப் பள்ளி விளங்கியதன் விளைவு இது.

இதில் ஒரு முரணும் உண்டு. கிராமம் தோன்றிய காலம் தமிழ் அடையாளம் அரசியலின் மையத்துக்கு வந்த காலம். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1967இல் ஆட்சி மாற்றம், 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு, 1969இல் தமிழ்நாடு என்ற பெயர்மாற்றம் எனப் பெருநிகழ்வுகள் தொடர்ந்தன. மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் எழுந்தன. அதே கடற்கரையின் தென்கோடியில் கலைஞர்கள் ‘மண்ணின் மரபு’ எது எனத் தேடிக்கொண்டிருந்தனர். ஆனால் அவர்கள் தேடிய மரபு மொழியால் எல்லை வகுக்கப்பட்டதன்று. அவர்களின் இதழான ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ 1961 முதல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. தமிழ் இலக்கிய உலகோடு நவீன ஓவியத்துக்கு ஏற்பட்ட நெருக்கம், சிற்றிதழ்களில் வரைந்த கே.எம். ஆதிமூலம் போன்ற, அக்கிராமத்தில் குடியிராத ஓவியர்களாலேயே பெரிதும் அமைந்தது. தமிழ் நிலத்தில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் ஊர் தமிழ் வாசகருக்கு நெடுங்காலம் அயலாகவே இருந்ததற்கு இவ்விரு தரப்பின் மொழிச்சூழலும் காரணமாகும்.

பெண் கலைஞர் எண்ணிக்கை குறைவு என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆர்னவாஸ், அனிலா ஜேக்கப் ஆகியோரின் பணி தரத்தில் எவருக்கும் குறைந்ததன்று. எனினும் கிராமத்தைப் பற்றிய எழுத்துகளில் ஆசிரியர், மாணவர், மகன் என்ற ஆண்வழி மரபாகவே வரலாறு சொல்லப்படுகிறது. 1988இல் மறைந்த ஆர்னவாஸின் கோட்டோவியங்கள் அவ்வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் முழுமையாகப் பெறவில்லை.

கே. ராமானுஜத்தின் வாழ்வு இங்குத் தனியே நோக்கத்தக்கது. பேச்சுத்தடையும் மனநலத் துன்பமும் கொண்ட அவர், கருமையில் தீட்டிய கோட்டோவியங்களில் மாடமாளிகைகளும் சிறகுடைய உயிர்களும் நிறைந்த ஒரு கனவுநகரைப் படைத்தார். அதில் தொப்பியணிந்த ஓர் உருவமாகத் தாமும் உலாவினார். கன்னிமரா விடுதிக்காக அவர் தீட்டிய பெரிய அளவிலான ஓவியங்கள் புகழ்பெற்றவை. வெளியுலகில் வாழ இயலாத ஒருவருக்குக் கூரையும் வேலையும் நட்பும் தந்தது கிராமம். ஆயினும் 1973இல், முப்பதைச் சற்றே கடந்த வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பொஹீமியத் தொன்மம் இத்தகைய மரணத்தைக் கலைக்கான பலியாக அழகுபடுத்திக்கொள்ளும். அவ்வாறு படிப்பது அவருக்கும் அவரைத் தாங்கிய ஊருக்கும் இழைக்கும் அநீதி. வருவாய்க்கும் வீட்டுக்கும் வழிகண்ட ஓர் அமைப்பு, மனநோய்க்கு வழிகாண இயலவில்லை. அது அக்காலச் சமூகம் முழுவதன் இயலாமை, கலையின் இயல்பன்று. அவர் ஓவியங்கள் அவர் துன்பத்தால் தோன்றின என்பதைவிட, துன்பத்தினூடும் அவர் நாள்தோறும் உழைத்தமையால் தோன்றின என்பதே பொருத்தம்.

7. நிலத்தின் விலையும் அடுத்த தலைமுறையும்

கிராமத்தை விட்டுச் சென்றோரும் உளர். அக்கித்தம் நாராயணன் 1967இலும் விஸ்வநாதன் 1968இலும் பாரிஸ் சென்று அங்கேயே நிலைத்தனர். வாசுதேவ் 1980களின் இறுதியில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். பணிக்கர் 1977இல் மறைந்தார். தோற்றுவித்தவர் மறைந்ததும் இத்தகைய அமைப்புகள் குலைவது வழக்கம். சோழமண்டலம் குலையவில்லை. தலைவரின் ஆளுமையைத் தவிர வேறு பிணைப்புகளும் இருந்தமையே காரணம். சங்கம் இருந்தது, காட்சிக்கூடம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியேற்ற எவராலும் இயலாத நிலம் இருந்தது.

மாமல்லபுரச் சாலை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையாக விரிவாக்கப்பட்டது. பொழுதுபோக்குப் பூங்காக்களும் கடற்கரை மாளிகைகளும் உணவகங்களும் எழுந்தன. 2011இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மணற்காடாக இருந்த இடம் மாநகரின் விலையுயர்ந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று. மோன்மார்த்தில் கலைஞரை வெளியேற்றிய அதே ஆற்றல் இங்கும் வந்து சேர்ந்தது. ஆனால் குடியிருந்தோர் குடிக்கூலிக்காரர் அல்லர் என்பதால் அவர்களை அது வெளியேற்றவில்லை. 2009இல் கிராமத்தில் திறக்கப்பட்ட கலைமையம், சென்னைக் கலை இயக்கத்தின் ஆக்கங்களை நிலையாகக் காட்சிப்படுத்தி வருகிறது. ஓர் இயக்கத்தின் வரலாற்றை, அவ்வியக்கத்தாரே தம் நிலத்தில் அருங்காட்சியகமாக்கிக்கொள்ளும் வாய்ப்பு உலகின் மிகச் சில கலைஞர் குடியிருப்புகளுக்கே கிட்டியுள்ளது.

இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். வாடகைக் குடியிருப்பு நிலையற்றது. ஆனால் அதன் கதவு திறந்தது. ஒருவர் நீங்கும் அறையில் இன்னொருவர் நுழையலாம். உடைமைக் குடியிருப்பு நிலையானது. ஆனால் மனைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. தந்தையின் வீடு பிள்ளைக்குச் சேர்கிறது. ஓவியத்திறன் அவ்வாறு சேர்வதில்லை. 1966இல் கல்லூரியை முடித்த ஒருவர் மெழுகும் துணியும் விற்ற பணத்தில் இங்கு மனை வாங்க முடிந்தது. இன்று அதே கல்லூரியை முடித்து வரும் எளிய குடும்பத்து இளைஞருக்கு அது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. அவர் விருந்தினராக வரலாம், தம் ஆக்கங்களைக் காட்சிக்கு வைக்கலாம், குடியேற இயலாது. கலைச்சந்தை வளர்ந்தபின் கைவினையின் பங்கும் குறைந்துவிட்டது. எனவே 1960களில் ஒன்றையொன்று தாங்கிய மூன்று தூண்களுள் கைவினை தளர்ந்தது. நிலம் வரையறைக்குள் நின்றது. சங்கமே இரண்டையும் இணைத்து நிற்கிறது.

முடிவுரை

சோழமண்டலம் பொஹீமியக் குடியிருப்பு என்னும் வருணனை, அங்கு நிலவிய சுதந்திர மனநிலையைச் சுட்டும் அளவில் ஏற்கத்தக்கது. அதன் அமைப்பை விளக்கும் அளவில் பொருந்தாதது. பொஹீமிய மரபு வறுமையைக் கலைஞனின் அடையாளமாக ஏற்றது. சோழமண்டலம் வறுமையைத் தீர்க்கவேண்டிய சிக்கலாகக் கண்டு, அதற்குக் கைவினையையும் கூட்டமைப்பையும் விடையாக வைத்தது. முன்னது வாடகை உயர்ந்ததும் இடம்பெயர்ந்தது; பின்னது நிலத்தை உடைமையாக்கிக்கொண்டு நிலைத்தது. அக்கைவினையே அதன் கோட்டுக்கும் உலோகத் தகட்டுச் சிற்பத்துக்கும் ஊற்றுகளுள் ஒன்றாயிற்று.

எனவே சோழமண்டலத்திடமிருந்து இன்றைய தலைமுறை பெறத்தக்கது அதன் கடற்கரைக் காட்சியோ மனையோ அன்று. கலைஞர் வாழ்வுக்குரிய பொருளாதார ஏற்பாட்டைக் கலைஞரே சிந்தித்து அமைக்கலாம், அவ்வேற்பாடு கலையைத் தாழ்த்தாது என்ற படிப்பினையே அது. பணிக்கர் 1960களில் எழுப்பிய வினா, கலைக்கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் மாணவர்முன் இன்றும் நிற்கிறது. ஈஞ்சம்பாக்கத்து மணல் அதற்கு ஒரு காலத்தில் விடையாக இருந்தது. இனி வரும் விடை வேறொரு தொழிலிலும் வேறொரு நிலத்திலும் தோன்றவேண்டியிருக்கும்.